வீட்டுப் பேச்சை வைத்தே தொடர்பு மாதிரிகளைப் படிக்கலாம்: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியைச் சுற்றியும் உள்ள கல்லூரிகளில் தொடர்பியல், சமூகப்பணி, உளவியல், மேலாண்மை என எதைப் படித்தாலும் ஏதாவது ஒரு பருவத்தில் ஆளிடைத் தொடர்பு, அதாவது ஆளுக்கு ஆள் பேசிப் பழகுவது பற்றிய பாடம் வந்துவிடுகிறது. அதன் தொடக்கத்திலேயே தொடர்பு எப்படி நடக்கிறது என்று படம்போட்டுக் காட்டும் மாதிரிகள் இருக்கும். பெட்டிகள், அம்புக்குறிகள், வட்டங்கள், ஆண்டுகள், அமெரிக்கப் பெயர்கள். பிள்ளைகள் படத்தை அச்சுப் பிசகாமல் வரைந்துவிடுகிறார்கள். அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று கேட்டால் திணறுகிறார்கள்.

குறை பிள்ளைகளிடம் இல்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் பாடநூல் வெவ்வேறு உதாரணம் தருகிறது. அதுவும் நாம் பார்த்திராத அலுவலகத்தில், நாம் பேசாத விதத்தில் நடக்கும் உரையாடல். அதனால் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் என்ன வித்தியாசம் என்பது கண்ணில் படுவதே இல்லை. நான் சொல்லும் வழி எளியது. உங்கள் வீட்டில் நடந்த ஒரே ஓர் உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மாதிரிகளையும் அதன்மேலேயே வைத்துப் பாருங்கள். ஒரு மாதிரி எந்த இடத்தில் கைவிடுகிறதோ, அந்த இடத்தில்தான் அடுத்தது பிறந்திருக்கிறது.

முதல் படி: ஓர் உரையாடலை வரிவரியாக எழுதுங்கள்

பெரிய சண்டையோ பெரிய மகிழ்ச்சியோ வேண்டாம். ஏழெட்டு வரிக்குள் முடிகிற, ஏதோ ஒன்று சரியாகப் போய்ச் சேராத பேச்சாக இருக்கட்டும். வரிகளுக்கு எண் போடுங்கள். இந்த வழிகாட்டிக்காக நான் ஒன்றைக் கற்பனையாக எழுதிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மாலை. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி களக்காட்டுக்கு வந்திருக்கிறாள். தோட்டத்திலிருந்து திரும்பிய அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார்.

1. “அப்பா, அடுத்த மாதம் மூன்று நாள் களப்பயணம் இருக்கிறது. எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.”
2. “ம்.”
3. “திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.”
4. “ஏளா, இப்போது எப்படி? அடித்த காற்றில் ஏத்தன் வாழை பாதி சாய்ந்து கிடக்கிறது.”
5. “சரி, வேண்டாம்.”
6. “வேண்டாம் என்று யார் சொன்னது?”
7. அடுக்களையிலிருந்து அம்மா: “ஏட்டி, வந்ததும் வராததுமாக ஆரம்பிக்காதே. முதலில் இரண்டு பேரும் சாப்பிடுங்கள்.”

உங்கள் வரிகளை எழுதும்போது சொல்லை மட்டும் எழுதாதீர்கள். யார் எங்கே நின்றார்கள், கை என்ன செய்தது, எந்த இடத்தில் பேச்சு நின்றது என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இரண்டாம் படி: இது ஆளிடைத் தொடர்புதானா என்று பாருங்கள்

இரண்டு பேர் பேசினாலே ஆளிடைத் தொடர்பு என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். ஜெரால்ட் மில்லரும் மார்க் ஸ்டைன்பெர்க்கும் 1975இல் ஒரு தெளிவான அளவுகோலைத் தந்தார்கள். எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று ஊகிக்க எதை நம்புகிறோம் என்பதே அவர்கள் கேள்வி. ஊர்ப் பழக்கத்தை நம்பினால் அது பண்பாட்டு நிலை. அவர் வகிக்கும் பொறுப்பை நம்பினால் சமூக நிலை. அந்தத் தனிமனிதரைப் பற்றித் தெரிந்ததை நம்பினால் உளவியல் நிலை. இந்த மூன்றாவது நிலையில் நடப்பதையே அவர்கள் ஆளிடைத் தொடர்பு என்றார்கள்.

களக்காடு பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்குவது இரண்டாம் நிலை. தினமும் பார்த்துப் பழகி, ‘இன்றைக்கு என்னம்மா, பரீட்சை முடிந்துவிட்டதா?’ என்று அவர் கேட்கத் தொடங்கினால் மூன்றாம் நிலைக்குள் கால் வைத்தாயிற்று. நம் உரையாடலில் அப்பாவின் ‘ம்’ என்ற ஒற்றை எழுத்தை மகள் மறுப்பாக எடுத்துக்கொள்கிறாள். அந்த அப்பாவோடு வளர்ந்ததால் வந்த ஊகம் அது. ஆகவே சந்தேகமே இல்லை, இது ஆளிடைத் தொடர்புதான்.

மூன்றாம் படி: நேர்கோட்டு மாதிரிகளை வைத்துப் பாருங்கள்

முதலில் ஹரோல்ட் லாஸ்வெல். 1948இல் அவர் கேட்ட ஐந்து கேள்விகள்: யார், எதை, எந்த வழியில், யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்? மகள், களப்பயணத்தை, நேர்ப்பேச்சில், அப்பாவிடம் சொல்கிறாள். விளைவு, பணம் கிடைக்கவில்லை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிரசாரத்தையும் வெகுமக்கள் ஊடகத்தையும் ஆராய்ந்தவர் அவர். வாசலில் நடக்கும் பேச்சுக்கென்று அந்தக் கேள்விகளை எழுதவில்லை.

அடுத்தவர் கிளாட் ஷானன். பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர், பொறியாளர். 1948இல் அவர் எழுதிய கட்டுரை, மறு ஆண்டு வாரன் வீவரின் விளக்கவுரையோடு நூலாக வந்தது. தகவல் மூலம், அனுப்பும் கருவி, தடம், பெறும் கருவி, சேருமிடம், இடையில் தடத்தைக் குலைக்கும் இரைச்சல். இதுதான் படம். ஒரு முனையில் போட்ட சமிக்ஞையை மறுமுனையில் எப்படிப் பிழையின்றி மீட்பது என்பதே ஷானனின் கவலை. செய்தியின் பொருள் தன் பொறியியல் சிக்கலுக்கு வெளியே உள்ளது என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். பொருளைப் பற்றி இந்தப் படம் பேசவில்லை என்று ஷானனைக் குறை சொல்லும் விடைத்தாள்கள் அவருக்கு நியாயம் செய்யவில்லை.

வீவர் சேர்த்த மூன்று நிலைகளைத் தவறாமல் எழுதுங்கள், நம் உரையாடலுக்கு அவை நன்றாகப் பொருந்தும். தொழில்நுட்ப நிலை: தண்ணீர்ச் சத்தத்தில் மகள் சொன்னது அப்பாவின் காதில் விழுந்ததா? பொருள் நிலை: களப்பயணம் என்பதைப் பாடத்தின் ஒரு பகுதி என்று அவர் புரிந்துகொண்டாரா, பிள்ளைகள் கூடிப் போகும் சுற்றுலா என்று நினைத்தாரா? பயன் நிலை: கேட்டபின் அவர் செய்தது மகள் விரும்பியதுதானா? இரண்டாம் நிலையில் ஒரு கோளாறு இருக்கலாம் என்று இப்போதே தெரிகிறது. ‘எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்’ என்று அவள் சேர்த்ததும் அது இன்னும் சுற்றுலாவைப்போல ஆகிவிட்டது.

டேவிட் பெர்லோ 1960இல் தந்த எஸ்.எம்.சி.ஆர். (அனுப்புநர், செய்தி, தடம், பெறுநர் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்) மாதிரி அதே நேர்கோடுதான். ஆனால் அனுப்புநர், பெறுநர் இருவருக்குள்ளும் அவர் ஐந்து விஷயங்களை வைத்தார்: தொடர்புத் திறன், மனப்பான்மை, அறிவு, சமூக அமைப்பு, பண்பாடு. தடம் என்று ஐம்புலன்களையும் சொன்னார். உங்கள் நோட்டில் இரண்டு நெடுக்குப் பத்திகள் போட்டு மகளுக்கும் அப்பாவுக்கும் அந்த ஐந்தையும் நிரப்புங்கள். அறிவு என்ற வரியில் மட்டும் எவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். கல்லூரி எப்படி நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், சாய்ந்த வாழையால் எவ்வளவு கடன் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனாலும் நேர்கோட்டு மாதிரிக்குள் வரி 1 மட்டும்தான் வசதியாக உட்காருகிறது. வரி 2 வந்ததும் அம்புக்குறி திரும்ப வேண்டியிருக்கிறது.

நான்காம் படி: அம்பைத் திருப்புங்கள்

வில்பர் ஷ்ராம் 1954இல், சார்லஸ் ஆஸ்குட்டின் கருத்தைத் தழுவி, ஒரு வட்டப் படம் தந்தார். அதில் அனுப்புநர், பெறுநர் என்ற பிரிவினை கிடையாது. இருவருமே குறியேற்றுகிறார்கள் (நினைப்பதைச் சொல்லாகவோ சைகையாகவோ ஆக்குகிறார்கள்), பொருள் கொள்கிறார்கள், குறிநீக்குகிறார்கள் (வந்த சொல்லையும் சைகையையும் பிரித்தறிகிறார்கள்). பின்னூட்டம், அதாவது கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் பதில், என்ற சொல் ஆளிடைத் தொடர்புக்குள் உறுதியாக வந்து உட்கார்ந்தது இந்த வழியில்தான். ஷானனின் மூலப் படத்தில் பின்னூட்டம் கிடையாது. பல கையேடுகளில் அதையும் ஷானன் பெயரிலேயே வரைந்திருக்கிறார்கள், பார்த்து எழுதிவிடாதீர்கள்.

ஷ்ராம் தந்த இன்னொன்று அனுபவக் களம், அதாவது ஒருவர் வாழ்ந்து பழகி அறிந்தவை எல்லாம். இரண்டு பேருக்கும் இரண்டு களங்கள். அவை ஒன்றோடொன்று மேவும் பகுதியில்தான் பொருள் கைமாறும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மகளும் வாழைத் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். காற்றடித்தால் என்ன ஆகும், முட்டுக் கொடுத்த செலவு எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். வரி 4 அவளுக்குப் புரியாமல் இல்லை, மிக நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் வரி 5 வந்தது. களங்கள் நன்றாக மேவினால் சிக்கல் தீரும் என்று பாடநூல்கள் எழுதுவது இந்த வாசலில் பொய்த்துப்போகிறது.

இன்னொரு குறையும் உண்டு. வட்டப் படம் முறை வைத்துப் பேசுவதாகக் கொள்கிறது: நீ சொல், நான் கேட்கிறேன், பிறகு நான் சொல்கிறேன், நீ கேள். மகள் வரி 1ஐச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா தலை நிமிராமல் கால் கழுவிக்கொண்டிருந்தாரே, அதை எந்த முறையில் சேர்ப்பது?

ஐந்தாம் படி: பரிமாற்ற மாதிரியில் நிதானமாக நில்லுங்கள்

டீன் பார்ன்லண்ட் 1970இல் வெளியிட்ட மாதிரி இது. பாடத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். அதன்படி இருவரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள், ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். பொருள் என்பது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் பண்டம் அல்ல, இருவரும் சேர்ந்து அந்த இடத்தில் உருவாக்குவது.

பார்ன்லண்ட் மூன்று வகைக் குறிப்புகளைச் சொல்கிறார். படம் சுருள்சுருளாக இருப்பதால் மாணவர்கள் பயந்துவிடுகிறார்கள். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் படம் தானாக வரும்.

பொதுக் குறிப்புகள் அந்த இடத்தில் யார் நின்றாலும் கண்ணில் படக்கூடியவை: பொழுது சாய்ந்த நேரம், வாசல், அப்பாவின் காலில் சேறு, அவள் தோளில் இன்னும் இறக்காத பை, அடுக்களையில் ஆள் இருப்பது. தனிக் குறிப்புகள் ஒருவருக்கு மட்டும் தெரிந்தவை: விடுதி அறையில் தோழிகள் ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டார்கள் என்பது, காலையில் கடன்காரர் வந்து போனார் என்பது. நடத்தைக் குறிப்புகள் பேசுகிறவர் தாமே உண்டாக்குபவை, சொல்லாலும் உடலாலும்: ‘ம்’, நிமிராத தலை, ‘சரி, வேண்டாம்’ என்று சொன்ன வேகம்.

இப்போது வரிகளைத் திரும்பப் படியுங்கள். அப்பாவின் தனிக் குறிப்பு மகளுக்குத் தெரியாது, மகளுடையது அவருக்குத் தெரியாது. ஆனால் இருவரும் மற்றவரின் நடத்தைக் குறிப்பைத் தங்கள் தனிக் குறிப்பை வைத்தே படிக்கிறார்கள். அவர் காலில் இருந்த சேறு அவள் கண்ணில் பட்டிருக்கிறது, ஆனால் அவள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எந்தக் குறிப்பை எடுப்பது, எதை விடுவது என்பதை அப்போதைய மனநிலை தீர்மானிக்கிறது என்பதும் பார்ன்லண்ட் சொன்னதுதான்.

இரண்டு பேர் சந்திக்கும்போது உண்மையில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்ற கருத்தையும் அவர் பெயரில் பாடநூல்கள் தருகின்றன. அப்பா தம்மைப் பற்றி நினைப்பவர், மகளாக அவர் நினைப்பவள், தம்மை மகள் எப்படி நினைக்கிறாள் என்று அவர் கருதும் அப்பா. அதேபோல மகள் பக்கம் மூன்று. தம்மை அவர் எப்படி நினைக்கிறார்? பிள்ளையின் படிப்புக்கு ஒருநாளும் குறுக்கே நிற்காதவர். தம்மை மகள் எப்படி நினைக்கிறாள் என்று கருதுகிறார்? எதற்கெடுத்தாலும் இல்லை என்று சொல்லும் தகப்பன். வரி 6இல் ‘வேண்டாம் என்று யார் சொன்னது?’ என்று அவர் சீறுவது அந்த மூன்றாம் ஆளை மறுப்பதற்காகத்தான். நேர்கோட்டையும் வட்டத்தையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்த வரிக்கு விளக்கம் கிடைக்காது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்று அடுக்கப்பட்டிருக்கிறது. யார் யாரிடம் எங்கே எப்போது பேசுகிறார், எது சொல்லாமல் எஞ்சி நிற்கிறது, இந்தச் சொல் யாருக்கு உரியது என்று கேட்பவர் எப்படி அறிகிறார் என்பதையெல்லாம் அது எண்ணிப் பார்த்திருக்கிறது. அது கவிதைக்கு எழுதிய இலக்கணம். பார்ன்லண்டுக்கு முன்னோடி என்று விடைத்தாளில் எழுத வேண்டாம். ஆனால் ‘ம்’ என்ற வரிக்குப் பக்கத்தில் எச்சம் என்று குறித்துவைத்தால், தனிக் குறிப்பு என்பது என்னவென்று நமக்கு மறக்கவே மறக்காது.

ஆறாம் படி: உறவு என்ன பேசுகிறது என்று கேளுங்கள்

பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் மூவரும் 1967இல் ஐந்து அடிப்படை விதிகளை வைத்தார்கள். அவற்றில் மூன்று நமக்கு உடனே உதவும்.

தொடர்பு கொள்ளாமல் இருக்க முடியாது என்பது ஒன்று. வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்த பிறகும் பதில் வராவிட்டால், அந்தப் பதிலில்லாமையையே படித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லா நடத்தையும் தொடர்பாகுமா என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு சொல்லிலும் உள்ளடக்கம், உறவு என இரண்டு தளங்கள் உண்டு. ‘சரி, வேண்டாம்’ என்பதன் உள்ளடக்கம் இணக்கம். உறவுத் தளத்தில் அது ஒரு குற்றச்சாட்டு. அப்பா பதில் சொன்னது உறவுத் தளத்துக்கு. மகளோ பணத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது, பேச்சின் தொடக்கத்தை ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் வைக்கிறார்கள். ‘அவர் எரிந்து விழுந்தார், அதனால் நான் விட்டுக்கொடுத்தேன்’ என்பாள் மகள். ‘அவள் முகத்தைத் தூக்கினாள், அதனால் குரல் உயர்ந்தது’ என்பார் அப்பா. உங்கள் உரையாடலை இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றில் உங்கள் கண்ணோட்டத்தில் பேச்சு எங்கே கெட்டது என்று கோடு போடுங்கள், மற்றதில் எதிராளியாக இருந்து கோடு போடுங்கள். கோடுகள் ஒரே வரியில் விழுவது அபூர்வம்.

அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும். தியோடர் நியூகோம்ப் 1953இல் தந்த ஏ, பி, எக்ஸ் மாதிரியில் இரண்டு ஆட்களும் அவர்கள் இருவருக்கும் பொதுவான ஒரு விஷயமும் உண்டு. மகளையும் அப்பாவையும் இரண்டு முனைகளில் வையுங்கள், களப்பயணம் எக்ஸ். ஒருவரையொருவர் நேசிக்கும் இருவர் ஒரு விஷயத்தில் மாறுபட்டால் இழுவிசை உண்டாகும், சமன்செய்யப் பேசுவார்கள் என்பது கருத்து. வரி 7இல் அம்மா எக்ஸை மாற்றிவிட்டார். களப்பயணத்தை எடுத்துவிட்டுச் சாப்பாட்டை வைத்தார். அதில் மூவருக்கும் மாறுபாடு இல்லை.

பிராங்க் டான்ஸ் 1967இல் தந்த திருகுசுருள் மாதிரிக்கு ஒரு பத்தி போதும். பேச்சு தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதில்லை, முன் நடந்ததைச் சுமந்துகொண்டு மேலே விரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் மறுபடி பேசினால் அது சனிக்கிழமையின் மேல் ஏறி நின்றுதான் நடக்கும். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் 1955இல் உருவாக்கிய ஜோஹாரி சாளரமும் இதே அலகில் வரும். அது தொடர்பு எப்படி நடக்கிறது என்று காட்டும் படமல்ல. தன்னைப் பற்றித் தனக்கும் பிறருக்கும் எது தெரியும், எது தெரியாது என்று நான்கு கட்டங்களில் பிரிப்பது. இதர மாதிரிகளோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னால் அந்த வேறுபாட்டை முதலில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: எண்களை நம்பும் முன் ஊரைப் பாருங்கள்

இரண்டு எண்கள் மாணவர்களைத் தொடர்ந்து ஏமாற்றுகின்றன. முதலாவது ஏழு, முப்பத்தெட்டு, ஐம்பத்தைந்து சதவீதக் கணக்கு. தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் இடம், தொனிக்கு 38, முகத்துக்கு 55 என்று மேடைப் பேச்சாளர்கள் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். ஆல்பர்ட் மெஹ்ரேபியனின் 1967 ஆய்வுகள் விருப்பு, வெறுப்பு போன்ற உணர்வு வெளிப்படும்போது, அதுவும் சொல்லும் தொனியும் முகமும் முரண்படும்போது, கேட்பவர் எதை நம்புகிறார் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, பழகும்போது ஆளுக்கு ஆள் விடும் இடைவெளி பற்றி எட்வர்ட் ஹால் சொன்ன தூரங்கள். 18 அங்குலம் வரை நெருக்க வெளி, 4 அடி வரை தனி வெளி, 12 அடி வரை சமூக வெளி, அதற்கு மேல் பொது வெளி. 1966இல் அவர் எழுதிய இந்த அளவுகள் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தினரைப் பார்த்து எடுத்தவை. மாலை ஐந்தரைக்கு ஜங்ஷனிலிருந்து அம்பாசமுத்திரம் கிளம்பும் பஸ்ஸில் நின்று பாருங்கள், 18 அங்குலம் எங்கே இருக்கிறது? ஆனால் ஹால் பொய்த்துவிட்டார் என்றும் எழுதிவிடாதீர்கள். நெருக்கியடித்து நிற்பவர்கள் கண்ணை ஜன்னலுக்கு வெளியே திருப்பி, உடலை இறுக்கிக்கொண்டு, உடலால் கிடைக்காத தூரத்தை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பார்த்து எழுதிய ஒரு பத்தி, மனப்பாடமாக எழுதிய இரண்டு பக்கத்தைவிட மேலானது.

எட்டாம் படி: வெளியே போய்ச் சரிபாருங்கள்

பாளையங்கோட்டை மார்க்கெட், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகள், உங்கள் கல்லூரிக் கேன்டீன் எல்லாம் நல்ல இடங்கள். யார் பேச்சையும் போனில் பதிவு செய்யாதீர்கள், பெயர்களை எழுதாதீர்கள். கடையில் அண்ணாச்சிக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கும் பேச்சில் எத்தனை மாதிரிகள் போதும் என்று பாருங்கள். ரயில் நிலைய அறிவிப்புக்கு ஷானன் போதும். வகுப்புக் குழுவில் போட்ட செய்திக்கும் அதன் பதில்களுக்கும் ஷ்ராம் ஏறக்குறையப் போதும். பழைய வாடிக்கைக்காரர் கடன் சொல்லிச் சாமான் வாங்கும்போது பார்ன்லண்ட் இல்லாமல் நகர முடியாது.

ஒன்பதாம் படி: விடைத்தாளில் எழுதுவது

பத்து மதிப்பெண் கேள்வி என்றால் படத்தைப் பக்கத்தின் பாதிக்குள் வரையுங்கள். உறுப்புகளின் பெயரோடு உங்கள் உரையாடலின் வரியையும் அடைப்புக்குள் குறியுங்கள். பிறகு அந்த மாதிரி எந்தக் கேள்விக்காக உருவானது, எதை விளக்குகிறது, உங்கள் உரையாடலின் எந்த வரியை அதனால் விளக்க முடியவில்லை என்ற வரிசையில் எழுதுங்கள். குறைகளைப் பொதுவாக அடுக்குவதைவிட, விளக்க முடியாத அந்த ஒரு வரியைச் சுட்டுவது திருத்துபவரை நிறுத்திப் படிக்கவைக்கும். ஆண்டுகளில் குழப்பம் வருவது ஷானனிடம்தான்: கட்டுரை 1948, நூல் 1949.

நேரமிருந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உரையாடலில் இருந்த மற்றவரிடம் போய், அன்றைக்கு அவர் மனதில் என்ன ஓடியது என்று கேளுங்கள். மாதிரி, குறியேற்றம் என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். ‘அப்பா, அன்றைக்கு நான் கேட்டபோது என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்பது போதும். அவர் சொல்வதைத் தனிக் குறிப்புகள் என்ற பத்தியில் சேருங்கள், நீங்கள் முன்பே ஊகித்து எழுதியதை அடித்துவிடாமல் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். செய்முறை ஏட்டில் அந்த இரண்டு பத்திகளும் அருகருகே இருக்க வேண்டும்.